பாசன் சார் நிலைக்குமா? வீட்டிலிருந்தே சோதித்துப் பார்ப்பது எப்படி

வங்கதேசம் ரோஹிங்கியா அகதிகளைக் குடியேற்றிய தீவு பாசன் சார். அந்தப் பெயரைத் தேடினால் முதலில் வந்து விழுவது ட்ரோனில் எடுத்த படம்தான். சிவப்புக் கூரைகள் தீப்பெட்டி அடுக்கியதுபோல வரிசையாக இருக்கும், நடுநடுவே குளம், அகலமான தெரு, ஓரத்தில் நாலு மாடிக் கட்டடங்கள். அதைப் பார்த்துவிட்டு "அகதிகளுக்கு இதுக்கு மேல என்ன வேணும்" என்று ஒருவர் எழுதுவார். "அடுத்த புயலில் மொத்தமும் போய்விடும்" என்று இன்னொருவர் பதில் போடுவார். இருவருமே எதையும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் ரொம்ப நாள் கூரையைப் பார்த்து மயங்கிய கூட்டத்தில்தான் இருந்தேன்.

ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு சாயங்காலம் இருந்தால் போதும், இந்தத் திட்டத்தை நீங்களே ஓரளவு எடைபோட்டுவிடலாம். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்பது என்று தெரிந்தால் சரி.

பின்கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு மியான்மரின் ராக்கைனிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்குள் ஓடிவந்தார்கள். ஏற்கெனவே இருந்தவர்களையும் சேர்த்தால் காக்ஸ் பஜார் முகாம்களில் சுமார் 10 லட்சம் பேர். நெரிசலைக் குறைக்க 1 லட்சம் பேரைக் கடலுக்குள் இருக்கும் பாசன் சாருக்கு அனுப்புவது என்று வங்கதேச அரசு முடிவு செய்து, ஆஸ்ரயன்-3 என்ற பெயரில் கடற்படையை வைத்துக் கட்டியது. 2020 டிசம்பர் 4-ஆம் தேதி முதல் தொகுதியாக 1,642 பேர் போய் இறங்கினார்கள்.

இடத்தைப் பிடியுங்கள்

வரைபடத்தில் 22.37 வடக்கு, 91.39 கிழக்கு என்று போடுங்கள். மேக்னா ஆறு கடலில் கலக்கும் வாய் அது. வடக்கே நவகாளி, காந்தி ஊர் ஊராக நடந்த அதே நவகாளி. குடியேற்றம் தொடங்கியபோது இந்தத் தீவும் அந்த மாவட்டத்தில்தான் சேர்த்தியாக இருந்தது. மேற்கே ஹாத்தியா, கிழக்கே சந்த்வீப். வங்காளியில் "சார்" என்றால் ஆற்று வண்டல் சேர்ந்து எழும்பிய திட்டு, "பாசன்" என்றால் மிதப்பது. மிதக்கும் திட்டு! பெயர் வைத்தவர்கள் உள்ளூர் மீனவர்கள் என்றால் அவர்கள் வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள், செய்தியில் வருவதை அப்படியே எடுக்காதீர்கள். நிலத்திலிருந்து 60 கி.மீ. என்று ஒன்றில் இருக்கும், பாதிதான் என்று இன்னொன்றில் இருக்கும். எந்தக் கரையிலிருந்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து இரண்டுமே சரியாக இருக்கலாம். கிட்டத்துக் கரை எது என்பது முக்கியமில்லை, உண்மையில் படகு எங்கிருந்து போகிறது என்று பாருங்கள். சிட்டகாங்கிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். அதை நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழைய படங்களை ஓட்டிப் பாருங்கள்

கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. 1990-களுக்குப் போங்கள். அங்கே தீவே இல்லை, வெறும் கலங்கிய தண்ணீர். 2006-ஐ ஒட்டித்தான் இது தலைகாட்டுகிறது. அதாவது, இதில் குடியேற்றப்பட்ட பெரியவர்கள் ஏறக்குறைய எல்லாருக்குமே இந்தத் தீவைவிட வயது அதிகம்.

தீவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், கொஞ்சம் பின்னால் இழுத்து மொத்த ஆற்று வாயையும் பாருங்கள். ஹாத்தியாவின் வடக்கு விளிம்பு வருடா வருடம் அரித்துக்கொண்டே போகும், தெற்கே புது மண் சேரும். சந்த்வீப் ஒரு காலத்தில் இருந்ததைவிடச் சுருங்கியிருக்கும். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு சுமார் 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. ஒரு பக்கம் தின்று மறுபக்கம் துப்புவதுதான் அந்த இடத்தின் சுபாவம். அதனால் "தீவு வளர்கிறதா, தேய்கிறதா" என்று கேட்டால் சரியான பதில் வராது. எந்த ஓரம் வளர்கிறது, எந்த ஓரம் தேய்கிறது, தேயும் ஓரத்துக்கும் வீடுகளைச் சுற்றிப் போட்ட மண்கரைக்கும் நடுவே எத்தனை மீட்டர் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

இதில் நான் வழுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டு. இரண்டு வருடப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தீவு பாதியாகிவிட்டது என்று நண்பர்கள் குழுவில் பரபரப்பாக எழுதிவிட்டேன். அப்புறம்தான் ஒருவர் சொன்னார், ஒரு படம் கடல் வற்றியிருந்த நேரத்தில் எடுத்தது, இன்னொன்று ஏறியிருந்த நேரத்தில் எடுத்தது என்று. சந்த்வீப் பக்கம் ஏற்ற இறக்கம் வங்கக் கடலிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. சேற்று மேடு கிலோமீட்டர் கணக்கில் காலையில் தெரியும், மதியம் காணாமல் போகும். அதனால் ஈரச்சேற்றின் விளிம்பை வைத்து அளக்காதீர்கள். புல், மரம் நிற்கும் பச்சை விளிம்பை வைத்து அளங்கள். அது கடலோடு ஏறி இறங்காது. முடிந்தால் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்துப் படத்தை எடுங்கள், மழைக்காலத்தையும் கோடைகாலத்தையும் கலக்க வேண்டாம்.

கரையின் உயரம்: எங்கிருந்து அளந்த 19 அடி?

வீடுகளைச் சுற்றிச் சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு மண்கரை போட்டிருக்கிறார்கள். முதலில் 9 அடி உயரம், பிறகு 19 அடியாக உயர்த்துவது என்று திட்டம். வடிவமைப்பில் எச்.ஆர். வாலிங்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் நிறுவனமும், கட்டுமானத்தில் சீனாவின் சினோஹைட்ரோவும் இருந்தன. ஏனோதானோவென்று கொட்டிய மண் இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் "19 அடி" என்று படித்தவுடன் கேட்க வேண்டியது, எதிலிருந்து 19 அடி? கரையின் காலடி மண்ணிலிருந்தா, சராசரிக் கடல் மட்டத்திலிருந்தா, அரசு அளவையில் வைத்திருக்கும் பூஜ்யத்திலிருந்தா? மூன்றும் மூன்று உயரம். பல செய்திகளில் இது இருக்காது. இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அடுத்து, எதிரில் வரும் தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள். புயலில் கடல் எழும்பி வருவது ஒரு கணக்கு. அந்த நேரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் அது இன்னொரு கணக்கு, அமாவாசை பௌர்ணமி என்றால் இன்னும் கூடுதல். அதற்கு மேல் அலையடிப்பது மூன்றாவது. 1991 ஏப்ரல் 29 புயலில் சிட்டகாங் கரையில் கடல் சுமார் 6 மீட்டர் எழும்பியது, சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். சந்த்வீப் அதில் நாசமானது. 6 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 20 அடி. 1970 நவம்பரில் போலாப் புயல் இதே ஆற்று வாயில்தான் புகுந்தது, குறைந்தது 3 லட்சம் பேர் பலி. வங்கக் கடலின் தலை புனல்போலக் குறுகுவதும், தரை ஆழமில்லாமல் இருப்பதும்தான் தண்ணீரை இப்படி மேலே தள்ளுகிறது. தனுஷ்கோடி கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"புயல்கள் வந்து போயின, தீவுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒரு வாதம் வரும். வந்தால் புயல் எங்கே கரை கடந்தது என்று பாருங்கள். 2020 ஆம்பன் மேற்கு வங்கத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. 2023 மோக்கா மியான்மரின் சிட்வே பக்கம். 2022 அக்டோபரில் வந்த சித்ரங் கிட்டத்தில்தான் கடந்தது, ஆனால் அது வலுக்குறைந்த புயல். 1991 அளவுக்கு ஒரு புயல் இந்தத் தீவின்மேல் ஆள் குடியேறிய பிறகு இன்னும் வரவில்லை. தேர்வே எழுதாத பிள்ளைக்கு மார்க் போட முடியாது, பாஸும் இல்லை ஃபெயிலும் இல்லை.

கரைக்கு உள்ளே என்ன ஆகிறது

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடும் இடம் இது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கவலை.

வண்டல் திட்டு உயரமாவது எப்படி? ஒவ்வொரு ஏற்றத்திலும் கலங்கல் தண்ணீர் மேலேறி, ஒரு மெல்லிய படலம் மண்ணை விட்டுவிட்டுப் போகும். சுற்றிக் கரை போட்டால் அந்தத் தண்ணீர் உள்ளே வராது, மண்ணும் வராது. உள்ளே இருக்கும் புது மண்ணோ தன் பாரத்திலேயே அமுங்கிக்கொண்டு போகும். வெளியே சேறு ஏறும், உள்ளே தரை இறங்கும். வருடங்கள் போகப் போக ஊர் ஒரு தட்டின் குழியில் உட்கார்ந்ததுபோல ஆகிவிடும்.

இது என் ஊகம் இல்லை. வங்கதேசத்தின் தென்மேற்கில் 1960-களில் இப்படிக் கரைபோட்டு வளைத்த நிலங்களைப் போல்டர் என்பார்கள். குல்னா மாவட்டத்தில் 32-ஆம் எண் போல்டர் அப்படி ஒன்று. 2009-இல் ஐலா புயலில் அதன் கரை உடைந்தது. பிறகு அளந்து பார்த்தபோது உள்நிலம் வெளியே இருந்த இயற்கை நிலத்தைவிட 1 முதல் 1.5 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. உடைந்த கரையை அடைக்க வருடங்கள் ஆயின, அதுவரை தினமும் இரண்டு தடவை கடல் வந்து போனது. ஒரு வினோதம், அந்த இடைவெளியில் பல இடங்களில் உள்ளே திரும்ப மண் படிந்து தரை உயர்ந்தது. ஆறு தான் பாட்டுக்கு வேலையைச் செய்தது.

பாசன் சாருக்கு இதைப் பொருத்திப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். ஒன்று, மழை. அந்தப் பக்கம் ஆண்டு மழை 3,000 மி.மீட்டரை ஒட்டிப் பெய்யும், கரைக்குள் விழுவது மதகு வழியாகத்தான் வெளியேற வேண்டும், மதகோ கடல் இறங்கியிருக்கும்போது மட்டுமே திறக்கும். கடல் இறங்காமல் மூன்று நாள் மழை அடித்தால் பம்பு இருக்கிறதா? இரண்டு, வெளியே சேறு ஏறி மதகின் வாயை அடைத்தால் யார் தோண்டுவது, எந்தப் பட்ஜெட்டில்? மூன்று, உள்தரையின் உயரத்தை வருடா வருடம் யாராவது அளந்து வெளியிடுகிறார்களா? மூன்றாவதற்குப் பதில் கிடைக்காத எந்தத் திட்டத்தையும் நீடித்து நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அறையை எண்ணுங்கள், மாடியை எண்ணுங்கள்

இது சுலபமான வேலை. 120 தொகுப்பு, தொகுப்புக்கு 12 வீடு, ஆக 1,440 வீடு. வீட்டுக்கு 16 அறை, ஆக 23,040 அறை. அறைக்கு நாலு பேர் என்றால் 92,160 பேர். 1 லட்சம் என்பது ஏறக்குறைய சரிதான். அறை 12-க்கு 14 அடி, ஆளுக்கு 3.9 சதுர மீட்டர் வருகிறது. அகதி முகாம்களுக்குச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு 3.5. சரி, தேறுகிறது. ஆனால் ஆறு பேர் குடும்பத்துக்கு ஒரு அறைதான் என்றால் 2.6-க்கு இறங்கிவிடும். சராசரியை நம்பி உட்காராமல் பெரிய குடும்பத்தை எங்கே வைத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

தொகுப்புக்கு ஒன்றாக 120 நாலு மாடிப் புயல் காப்பகங்கள். எண்ணிக்கை நல்லது. அவற்றில் சில மருத்துவமனையாகவும் அலுவலகமாகவும் ஓடுகின்றன, அதனால் புயல் இரவில் உண்மையில் காலியாக இருக்கும் தளம் எத்தனை என்பதுதான் கணக்கு. அப்புறம், காப்பகம் அன்றைக்கு உயிரைக் காப்பாற்றும், மறுநாளிலிருந்து வேண்டியது வேறு: குடிநீரும் அரிசியும் எத்தனை நாளுக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள்?

இப்போது நோட்டில் எழுதிய மூன்று மணி நேரத்தை எடுங்கள். 2024 பிப்ரவரியில் தீவில் எரிவாயு சிலிண்டர் வெடித்துக் குழந்தைகளுக்குத் தீக்காயம், அவர்களைச் சிட்டகாங் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, சில குழந்தைகள் பிழைக்கவில்லை. பிப்ரவரியில் கடல் அமைதி. அதே வெடிப்பு ஜூலையில், கடல் கொந்தளிக்கும் மாதத்தில் நடந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். ஆபரேஷன் தேவைப்படும் ஒரு பிரசவம், ஒரு பாம்புக்கடி, எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. மே முதல் அக்டோபர் வரை எத்தனை நாள் படகு ஓடவில்லை என்ற பட்டியல் ஒன்று கிடைத்தால், மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்ற தகவலைவிட அது பத்து மடங்கு பயன்படும்.

காசு

கட்டிய செலவு வங்கதேச நாணயத்தில் சுமார் 3,095 கோடி டாகா. 1 லட்சம் பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 3 லட்சம் டாகாவுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் போய்ச் சேர்ந்தவர்கள் 35,000-ஐ ஒட்டித்தான், அதற்கு வகுத்தால் 8.8 லட்சம். இந்தக் கணக்கைச் செய்துவிட்டுத் தள்ளி வையுங்கள், அது செலவாகிவிட்ட காசு. இனி வருடா வருடம் ஆகும் செலவு என்ன, யார் தருகிறார்கள் என்பதில்தான் தீவின் ஆயுள் இருக்கிறது.

ஐ.நா. முதலில் ஒதுங்கியே நின்றது, 2021 அக்டோபரில்தான் அரசோடு ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்தது. அன்றிலிருந்து சாப்பாடும் பெரும்பகுதி சேவைகளும் உலக நாடுகளின் நன்கொடையில் ஓடுகின்றன. அந்த நன்கொடை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே உதாரணம்: காக்ஸ் பஜாரில் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவியை ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 2023-இல் முதலில் 10-ஆக, பிறகு 8-ஆகக் குறைத்தது, பிறகுதான் மறுபடி ஏற்றியது. 2025-இல் காக்ஸ் பஜாருக்கு 12 டாலர், பாசன் சாருக்கு 13 டாலர் என்று வைத்தார்கள். அந்த ஒரு டாலர் வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் அதே சாப்பாட்டைத் தீவில் கொடுக்க எப்போதும் கொஞ்சம் அதிகம் ஆகும் என்பதற்கு அது ஒப்புதல்.

நிலப்பரப்பில் உதவி குறைந்தால் மனிதர்கள் எப்படியோ சமாளிப்பார்கள்: கூலிக்குப் போவார்கள், கடன் வாங்குவார்கள், பக்கத்து ஊர்ச் சந்தையில் எதையாவது விற்பார்கள். தீவில் பக்கத்து ஊர் இல்லை. அங்கே மீன், ஆடு, காய்கறி, தையல் என்று சில வேலைகள் நடக்கின்றன. சரி, ஆனால் அதை வாங்குபவர் யார் என்று கேளுங்கள். உதவிப் பணம் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரரே என்றால் அது சந்தை இல்லை, ஒரே காசு சுற்றி வருகிறது.

போக முடியுமா?

கடைசியாக வைத்திருக்கிறேன், நேரம் இல்லாதவர்கள் இதை மட்டுமாவது சோதியுங்கள். "விருப்பப்பட்டுத்தான் போனார்கள்" என்று ஒரு செய்தியில் இருந்தால் மூன்று விஷயங்கள் அதே செய்தியில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். போவதற்கு முன் தங்களில் சிலரை அனுப்பி இடத்தைப் பார்க்க விட்டார்களா? மாட்டேன் என்றால் ரேஷனோ அட்டையோ பாதிக்காதா? பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாமா?

பாசன் சாரில் மூன்றாவதுதான் இடறுகிறது. 2020 மே மாதமே, கடலில் தத்தளித்து மீட்கப்பட்ட 300 பேரை நேரே அங்கே கொண்டுபோய் வைத்தார்கள், அவர்களை யாரும் விருப்பம் கேட்கவில்லை. 2021 மே கடைசியில் ஐ.நா. அதிகாரிகள் வந்த அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு போராடினார்கள். அதே வருடம் ஆகஸ்டில் தீவிலிருந்து தப்பிப் போனவர்களின் மீன்பிடிப் படகு கவிழ்ந்து பல பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. பிறகு காக்ஸ் பஜாரிலுள்ள சொந்தக்காரர்களைப் பார்த்துவர அவ்வப்போது அனுமதி கொடுக்கத் தொடங்கினார்கள். அது முன்னேற்றம்தான், ஆனால் அனுமதி கேட்டுப் போவதும் நினைத்தபோது போவதும் ஒன்றில்லை. முகாமுக்குத் திரும்பி வர மாலை ஆறு மணிக் கெடு வைத்திருந்த காலத்தை அனுபவித்த ஈழத்து ஆட்களிடம் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

வங்கதேசம் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, இவர்களைக் காகிதத்தில் அகதிகள் என்றே எழுதுவதில்லை, "வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்த மியான்மர் நாட்டவர்" என்கிறது. உரிமை எதை வைத்துக் கேட்பது என்பது அங்கேயே சிக்கிவிடுகிறது. அதேசமயம், பணக்கார நாடுகள் ஆயிரம் பேரை எடுக்கவே யோசிக்கும்போது 10 லட்சம் பேரைத் தாங்கிய நாடு அது, அதையும் நோட்டில் எழுதுங்கள்.

ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. காக்ஸ் பஜாரோடுதான் ஒப்பிட வேண்டும், நம் வீட்டோடு அல்ல. அங்கே மூங்கிலும் தார்ப்பாயும் கட்டிய குடிசைகள், மரம் வெட்டிய குன்றுச் சரிவு, மழையில் மண்சரிவு. 2021 மார்ச் 22 தீயில் 15 பேர் இறந்து சுமார் 45,000 பேர் வீடிழந்தார்கள். இதைப் பார்த்துவிட்டுச் சில குடும்பங்கள் மனதாரத் தீவுக்குக் கிளம்பினால் அதில் ஆச்சரியம் இல்லை. காங்கிரீட் சுவர், தனிக் கதவு, ஆயுதக் கும்பல் தொல்லை குறைவு. அவர்கள் ஏமாந்தவர்கள் என்று நாம் தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சோதனையை ஒரு தடவை செய்து மூடிவைத்தால் பிரயோஜனம் இல்லை. நான் வருடத்துக்கு ஒரு தடவை, மழையும் புயலும் ஓய்ந்த பிறகு டிசம்பரில் செய்கிறேன்: பச்சை விளிம்புக்கும் கரைக்கும் இடையே நாலு திசையிலும் தூரம், தீவில் இருக்கும் ஆள் எண்ணிக்கை, மாத உணவு உதவி எத்தனை டாலர். ஒரு பக்கத்தில் ஒரு வரி. மூன்று வருட வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் படித்தால் எது நகர்கிறது என்று தானே தெரியும்.